பாடசாலையில் கதை சொல்லுதல்

சில தினங்களுக்கு முன் ஒரு துவக்கப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். கதை கூறும் போட்டியில் வென்றோருக்குப் பரிசு வழங்குவது நமக்கு இட்ட வேலை. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் பதினொருவர் வரிசையாக மேடையேறினர். ஒவ்வொருவரும் கைகூப்பிச் சபைக்கு வணக்கம் சொல்லி, 'நான் கூறவிருக்கும் கதையின் தலைப்பு' என்று தொடங்கி, சிங்கத்தையும் முயலையும், காகத்தையும் நரியையும் பிழையின்றி ஒப்புவித்து, 'இக்கதையினால் நாம் அறியும் நீதி யாதெனில்' என்று முடித்து இறங்கினர். சிங்கம் வந்தபோது எல்லோருடைய விரல்களும் ஒரே விதமாக மடங்கின. ஒரு சிறுவனுக்கு இடையில் ஒரு வார்த்தை மறந்துபோயிற்று. முயல் சிங்கத்தைக் கிணற்றங்கரைக்கு அழைத்துச் சென்றது என்பது அவனுக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த ஒரு வார்த்தை வராமல் அவனால் அப்பால் ஓர் அடி வைக்க முடியவில்லை. முன்வரிசையிலிருந்து அவன் தாயார் எடுத்துக் கொடுத்தார். கதை மறுபடியும் ஓடிற்று. அவனுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தோம்.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் வேறொரு காட்சி கண்டோம். போட்டிக்குப் பெயர் கொடாத ஒரு பெண் குழந்தை, நான்கைந்து தோழிகளைச் சுற்றி உட்காரவைத்து, தங்கள் வீட்டு ஆடு கிணற்றில் விழுந்த விருத்தாந்தத்தைச் சொல்லிக் கொண்டிருந்தாள். "எங்க அம்மாச்சி கத்துது, கயித்தை இறக்காதீங்கடா, ஆடு மெரண்டுரும்னு. மாமா கேக்கல. கயிறு ஆட்டு மேல பட்டுச்சா, அது அப்புடியே…" என்று அவள் நிறுத்தினாள். கேட்டவர்கள் 'உம்' கொட்டுவதையும் மறந்து வாய் பிளந்து நின்றார்கள். எங்கே நிறுத்தினால் மூச்சு நிற்கும் என்று அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அச்சமயம் ஓர் ஆசிரியை வந்து, "என்ன பேச்சு இங்கே? வரிசையிலே போய் நில்லுங்க" என்றார். அவர் மீது குற்றமில்லை. விழா நாளில் ஒழுங்கு காப்பது அவர் கடமை. குழந்தைகள் எழுந்து போய்விட்டனர்.

உள்ளே நடந்ததற்குக் கதை சொல்லுதல் என்று பெயரிட்டுப் பரிசும் கொடுத்தோம். வெளியே நடந்ததற்குப் பேச்சு என்று பெயரிட்டு அடக்கினோம். நமது கல்விமுறையின் கோளாறு இந்த இரண்டு பெயர்களில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

கதையின் பெருமையைக் கல்வி அதிகாரிகள் அறியாதவர்களல்லர். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எல்லா நிலைகளிலும் கதைவழிக் கற்பித்தல் இடம் பெற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அக்கொள்கையின் மற்ற ஷரத்துகளைப் பற்றி நாட்டில் நடந்துவரும் விவாதத்தில் இன்று நாம் இறங்கவில்லை. கதை விஷயத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கதைவழிக் கற்பித்தல் என்னும்போது எல்லோரும் கருதுவது உபாத்தியாயர் சொல்ல, குழந்தைகள் கேட்பதையே. கேட்பதும் வேண்டியதுதான், கேளாத காது உள்ளவனுக்குச் சொல்லும் நாவும் வாய்க்காது. ஆனால் கேட்டபின் என்ன நடக்கிறது? 'கதையில் வந்த மிருகங்கள் யாவை?', 'முயல் என்ன சொல்லிற்று?', 'நீதி யாது?' என்ற கேள்விகள் புறப்படுகின்றன. குழந்தை தானாக எழுந்து, தன் வார்த்தைகளில், முதல் நடு கடை என்று ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க நமது வகுப்புகளில் எத்தனை நிமிஷம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

வக்கீல் தொழில் செய்தவனுக்கு வகுப்பறையைக் காணும்போது கோர்ட் நினைவு வருவது இயல்பு, நேயர்கள் பொறுத்தருள்க. சாட்சியை முதல் விசாரணை செய்யும் வக்கீல், விடையைத் தன்னுள்ளேயே கொண்ட கேள்வியைக் கேட்கலாகாது என்பது 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் கண்ட விதி. எதிர்க்கட்சி ஆட்சேபித்தால் நீதிபதி அதைத் தடுத்துவிடுவார். 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. 'அவன் அரிவாளால் வெட்டினான் அல்லவா?' என்று உம்முடைய சாட்சியை நீர் கேட்கக் கூடாது, 'என்ன நடந்தது?' என்றுதான் கேட்க வேண்டும். ஏன்? முதற் கேள்விக்கு வரும் 'ஆம்' வக்கீலின் வார்த்தை. இரண்டாவதற்கு வருவதே சாட்சியின் வார்த்தை.

இப்போது எந்தப் பாடசாலையின் ஜன்னலருகேயும் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். "இராமன் காட்டுக்குப்…" என்று உபாத்தியாயர் நிறுத்துகிறார். "போனான்!" என்று நாற்பது தொண்டைகள் முழங்குகின்றன. "யாரோடு போனான்? சீதையோடும் இலட்சுமண…" "னோடும்!" கோர்ட்டில் ஒரு கணம் நிற்காத கேள்வி முறை, வகுப்பில் காலை முதல் மாலை வரை கோலோச்சுகிறது. நாற்பது பேரும் பாடம் சொல்லிவிட்டதாக உபாத்தியாயர் திருப்தியடைகிறார். உண்மையில் சொன்னவர் அவர் ஒருவரே.

இதன் பலனைப் பிற்காலத்தில் கோர்ட்டிலே கண்டிருக்கிறோம். பத்து வகுப்பும் அதற்கு மேலும் படித்த வாலிபர்கள் கூண்டில் ஏறி நிற்பார்கள். 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்றால் திகைப்பார்கள். எங்கே தொடங்குவது, எதை விடுவது, கண்டது எது, கேட்டது எது என்று பிரிக்கத் தெரியாமல், வக்கீலின் முகத்தைப் பார்ப்பார்கள். வக்கீல் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. விழாமேடையில் தாயார் முகத்தைப் பார்த்த சிறுவன்தான் அவன். வயது மட்டும் கூடியிருக்கிறது. அதே நாளில் எழுத்து வாசனையற்ற ஒரு கிழவி கூண்டேறி, 'அன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் சாணி தெளிச்சிட்டு நிமுந்தேன்' என்று தொடங்கி, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலைத் திணறடித்ததையும் கண்டிருக்கிறோம். கிழவி ஆயுள் முழுதும் கதை சொல்லியும் கேட்டும் வந்தவள். வாலிபன் பத்து வருஷம் கோடிட்ட இடத்தை நிரப்பி வந்தவன்.

இன்னும் கடுமையான ஒரு விஷயம் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் கொடுமைகளை விசாரிக்க 2012-ல் போக்ஸோ சட்டம் இயற்றப்பட்டது. வக்கீல்கள் குழந்தையை நேரே கேள்வி கேட்கலாகாது, நீதிபதியிடம் கொடுக்க, அவரே குழந்தையிடம் கேட்க வேண்டும் என்றும், குழந்தை அஞ்சாத சூழ்நிலை வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் எல்லா ஏற்பாட்டுக்கும் பிறகு, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டியது அந்தக் குழந்தையே. கோர்ட்டுக்கு வருமுன் தாயிடமோ ஆசிரியையிடமோ அது முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் 'சபாஷ்', சொந்தமாக ஒன்றைச் சொன்னால் 'வாயை மூடு' என்று ஐந்து வருஷம் பழக்கப்பட்ட குழந்தை, பெரியவர் ஒருவருக்கு எதிராக என்ன வாயைத் திறக்கும்?

நமது நேயர்களில் பலர் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள். அவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. கிராம சபைக்குச் சட்டபூர்வமான ஸ்தானம் கிடைத்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கூட்டத்துக்குச் சென்று பார்த்தால், கையெழுத்திடுவோர் பலர்; எழுந்து, 'எங்கள் தெருவில் தண்ணீர் இன்ன நாளில் நின்றது, இன்னாரிடம் சொன்னோம், அவர் இன்னது சொன்னார்' என்று கோவையாக எடுத்துரைப்போர் சிலர். மேடையில் நம் தொண்டர்கள் முழங்குவதைக் கேட்கிறோம், அடுக்குமொழிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குடியானவனுக்கு நேர்ந்த ஓர் அநியாயத்தை, கேட்பவன் கண்முன் நிற்கும்படி பத்து நிமிஷம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பத்திராதிபரும் அக்கேள்விக்குத் தப்பியவர் அல்லர்.

நிற்க. இவ்வழியில் முன்சென்றோர் இல்லாமல் இல்லை. நம் தேசத்தில் இதை நன்கு உணர்ந்த ஒருவர் வக்கீலாகவே இருந்தவர் என்பதில் நமக்கு ஒரு தொழிற்பெருமை உண்டு. 1885-ல் கத்தியவாரில் பிறந்த கீஜுபாய் பாதேகா, வக்கீல் தொழிலை விட்டு 1916-ல் பாவநகரத்துத் தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1920-ல் அங்கே பால மந்திரத்தைத் தொடங்கினார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பகற்கனவு என்று பொருள்படும் அவருடைய 'திவாஸ்வப்ன'த்தில் ஓர் உபாத்தியாயர் நாலாம் வகுப்பை ஒரு வருஷம் பரீக்ஷார்த்தமாக ஏற்றுக்கொள்கிறார். முதல் நாள் அவர் போட்டு வந்த திட்டமெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் தவிடுபொடியாகிறது. மறுநாள் வந்து, பாடப்புஸ்தகத்தைத் தொடாமல், கதையை ஆரம்பிக்கிறார். கூச்சல் அடங்குகிறது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. கேட்ட கதைகளைப் பிள்ளைகளே நாடகமாக நடிக்கவும் செய்கிறார்கள். கற்பனை நூல்தான், ஆனால் அதை எழுதியவர் வகுப்பில் நின்றவர்.

ருஷ்யாவில் டால்ஸ்டாய் கண்டது இதனினும் ஆச்சரியமானது. 1859-ல் தம் சொந்தக் கிராமமாகிய யாஸ்னயா போல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்கு அவர் பாடசாலை நடத்தத் தொடங்கினார். அவர்களுடைய பெற்றோர் 1861 வரை பண்ணையடிமைகள். கட்டுரை எழுது என்றால் அப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஓடுவதில்லை. ஒரு நாள், கரண்டியால் ஊட்டிக் காம்பால் கண்ணைக் குத்துவது என்ற கருத்துடைய ஒரு ருஷ்யப் பழமொழியைக் கொடுத்து, இதற்கொரு கதை செய்யலாம் என்றார். 'நீங்களே செய்யுங்கள்' என்றார்கள் பிள்ளைகள். அவர் எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள். படித்துக் காட்டியபோது இது சரியில்லை, கிழவன் இப்படிச் சொல்லமாட்டான் என்று திருத்தத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் உலகம் போற்றும் ஆசிரியர் வெறும் எழுத்தராகிவிட்டார். ஃபெத்கா, ஸ்யோம்கா என்ற இரு சிறுவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மாலை ஏழு மணிக்குத் தொடங்கியவர்கள் பதினொரு மணி வரை எழவில்லை. குடியானவப் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1862-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

பின்னர் அமெரிக்காவில், சிகாகோ நகரத்துப் பள்ளியொன்றின் ஆசிரியை விவியன் பேலி (1929–2019) இதையே அன்றாட வழக்கமாக்கினார். குழந்தை சொல்கிற கதையை, சொன்ன வார்த்தை மாறாமல் அவர் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்புப் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டுவார்கள். இரண்டு வரிக் கதையானாலும் சரி. இதற்கு வேண்டிய சாமான் ஒரு பென்சிலும் ஒரு காகிதமும்.

நமக்கும் இது அந்நியச் சரக்கன்று. பஞ்சதந்திரத்தின் தோற்றுவாயே ஒரு வகுப்பறை. தென்னாட்டில் மகிலாரோப்பியம் என்னும் நகரத்து அரசன், படிப்பில் நாட்டமில்லாத மூன்று குமாரர்களை விஷ்ணுசர்மாவிடம் ஒப்புவிக்கிறான். ஆறு மாதத்தில் கதைகளாலேயே அவர்களை அறிவாளிகளாக்குவதாக அவர் ஏற்கிறார். தாண்டவராய முதலியார் 1826-ல் அதை மராட்டியிலிருந்து தமிழ் வசனமாக்கித் தந்த நாள் முதல் நம் பாடசாலைகளில் அந்தக் கதைகள் இருந்து வருகின்றன. ஆனால் நாம் உதிரிக் கதைகளை எடுத்துக்கொண்டு கட்டுக்கோப்பை எறிந்துவிட்டோம். அந்நூலில் கதை சும்மா சொல்லப்படுவதில்லை. தமனகன் ஒரு கதை சொன்னால் கரடகன் மறு கதை சொல்லி மறுக்கிறான். ஒருவன் வாதத்துக்கு இன்னொருவன் விடையாகக் கதை வருகிறது. கேட்டவன் சொல்பவனாகிறான்.

நீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமனகன் சூழ்ச்சியால் சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைக் கெடுத்து, எருதைக் கொல்வித்து, மந்திரி பதவியில் நிலைக்கிறான். 'இதனால் அறியும் நீதி யாது?' என்று எந்த உபாத்தியாயராவது ஒரு வரியில் சொல்லட்டும் பார்ப்போம். கதை கேட்ட குழந்தை தமனகனை வெறுக்கலாம், எருதுக்காக அழலாம், சிங்கத்தை முட்டாள் எனலாம். எதையானாலும் அது தானே சொல்லட்டும். கதை முடிந்ததும் நீதியைப் பிழிந்து கையில் கொடுப்பது, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவதற்கு ஒப்பாகும்.

இனி, காரியத்தில் என்ன செய்வது? பாடம் முடிக்கவே நேரமில்லை, கதைக்கு எங்கே நேரம் என்று உபாத்தியாயர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, கணக்கிட்டே பதில் சொல்வோம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் போதனை. நாளொன்றுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கினால் வருஷத்துக்கு அறுபத்தாறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த இருபது நிமிஷத்தில் இரண்டு குழந்தைகள் சொல்லலாம். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் வருஷத்தில் பதின்மூன்று முறை எழுந்து நின்று முழுதாக ஒன்றைச் சொல்லியிருக்கும். ஐந்து வருஷத்தில் அறுபத்தைந்து முறை. இன்று ஐந்தாம் வகுப்பை முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு முறையேனும் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். ஒரே உபாத்தியாயர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகள் உண்டு என்பதை அறிவோம். அங்கே இம்முறை கடினமன்று, எளிது. பெரிய பிள்ளை சொல்லச் சின்னப் பிள்ளை கேட்கும்.

எதைச் சொல்வது என்று கட்டுப்பாடு வேண்டாம். பாட்டி சொன்ன கதை, சந்தையில் கண்டது, பேருந்து கெட்டு நின்றது, ஆடு விழுந்தது எல்லாம் கதையே. எந்த மொழியில் என்றால், வீட்டு மொழியில். இதில் நம் தமிழ்ப் பண்டிதர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். செந்தமிழில் நமக்குள்ள பற்று அவர்களுடையதற்குக் குறைந்ததன்று. ஆனால் 'மெரண்டுரும்' என்று குழந்தை சொல்லும்போது 'மிரண்டுவிடும் என்று சொல்' என்று குறுக்கிட்டால், ஆடு கிணற்றிலேயே நின்றுவிடும். குழந்தை அடுத்த முறை எழாது. சொல்லி முடித்த கதையை மறுநாள் எழுதும்போது எழுத்து நடையைக் கற்பிக்கலாம். அப்போது எழுதுவதற்கு அக்குழந்தையிடம் சொந்தமாக ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்திராத கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்களின் வாய்மொழியிலேயே கதை எழுதி, நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்தார். 1991-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். வட்டார வழக்கு தமிழைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் அவர் நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

உபாத்தியாயருக்கும் பயிற்சி வேண்டும். ஆசிரியப் பயிற்சி நிலையங்களில் குழந்தை மனோதத்துவத்தை நூறு பக்கம் எழுதுகிறார்கள். இருபது கதைகளைப் புஸ்தகம் பாராமல் சொல்லத் தெரிந்தவரே தேர்ச்சி பெறலாம் என்று ஒரு விதி செய்தால் என்ன? அவற்றில் பத்துக் கதைகளை அவரவர் ஊரில் முதியோரிடம் கேட்டு வர வேண்டும். அதைவிட முக்கியமானது, குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சி. 'பிறகு?' என்ற ஒரே கேள்வியோடு ஒரு குழந்தையின் கதையை இறுதிவரை கேட்கத் தெரிவது சாமானியமான காரியமன்று. நீதிபதிகளிலேயே அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை!

ஓர் எச்சரிக்கை. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம்; போட்டியும் வேண்டாம். மதிப்பெண் வந்த மறுவாரமே 'சிறந்த ஐம்பது கதைகள்' என்று உரைநூல் கடைக்கு வந்துவிடும். தாய்மார்கள் இரவெல்லாம் மனப்பாடம் செய்விப்பார்கள். பதினொரு குழந்தைகளும் ஒரே விதமாக விரல் மடக்குவார்கள். பரிசு கொடுக்க நம்மையும் அழைப்பார்கள். அழைப்பை இம்முறை மரியாதையாக மறுத்துவிடுவதாக உத்தேசம்.

வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல் தலைமையாசிரியர்கள் சிலரேனும் இந்த இருபது நிமிஷத்தை ஒதுக்கிப் பார்க்க வேண்டுகிறோம். கல்விக் குழுக்களிலும் பஞ்சாயத்துகளிலும் உள்ள நம் நேயர்கள் தங்கள் ஊர்ப் பாடசாலையில் இதை எடுத்துச் சொல்லலாம். அந்தத் தாழ்வாரத்துப் பெண்ணின் பாடசாலைக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். ஆடு கிணற்றிலிருந்து ஏறியதா என்பது நமக்கு இன்னும் தெரியவில்லை.